மாதவையாவும் மாதர்மேற் பழியும்

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்வோர் மரக்காணத்து உப்பளங்களைப் பாராமல் போக முடியாது. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் கழுவேலி நீர்ப்பரப்பு. இடையே வரப்புக் கட்டிய பாத்திகள், வெயிலில் விளைந்து குவியும் வெண்மை. ஆந்திரக் கரையிலிருந்து சென்னை நகரின் ஊடே தெற்கு நோக்கி வரும் பக்கிங்ஹாம் கால்வாய் வந்து முடிவதும் இவ்விடத்திலேதான். அக்காலத்தில் இக்கரையில் விளைந்த ஒவ்வொரு மூட்டை உப்பும் சர்க்காரின் கண்காணிப்புக்கு உட்பட்டது. சென்னை ராஜதானியின் கீழைக் கடற்கரை முழுவதிலும் உப்பு விளைவதையும், நிறுப்பதையும், வரி கொடாமல் ஒரு படி உப்பேனும் வெளியேறாதபடி காப்பதையும் உப்பு இலாகா என்ற ஒரே இலாகா கவனித்து வந்தது. 1888-ம் வருஷத்திலிருந்து மணங்கு ஒன்றுக்கு 2 ரூபாய் 8 அணா வரி. ஏழையின் கஞ்சிக்கு இடும் உப்பின்மேல் விழுந்த அந்த வரியே பின்னர் 1930-ல் தண்டியிலும் வேதாரணியத்திலும் தேசத்தைத் திரட்டியது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

அந்த இலாகாவில் ஏறக்குறைய முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்த ஒருவரின் சரித்திரத்தை இன்று எழுதப் புகுகிறோம். தேச ஊழியர் சிலருக்கு இது வியப்பாயிருக்கலாம். உப்பு வரி வசூலித்தவருக்கு தேசியப் பத்திரிகையில் என்ன இடம் என்று கேட்கவும் கூடும். ஆனால் நம் சமூகத்தில் தீங்கிழைத்தவனை விட்டுவிட்டுத் தீங்குற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கம் ஒன்று நெடுங்காலமாக மதத்தின் பெயரால் நடந்து வருகிறது. அந்த வழக்கைத் தலைகீழாக்கி, பழியை உரியவர் வாசலில் கொண்டுபோய் வைக்க முயன்ற தமிழ் எழுத்தாளர்களில் முன்னணியில் நின்றவர் காலஞ்சென்ற ஸ்ரீ அ. மாதவையா.

அவர் 1872-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி, அந்நாளைய திருநெல்வேலி ஜில்லாவில் பெருங்குளம் என்னும் கிராமத்தில், வைதிக ஆசாரம் நிறைந்த ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். பாளையங்கோட்டையில் படித்தார். பிறகு சென்னை கிறிஸ்தவக் கலாசாலையில் சேர்ந்து 1892-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். டாக்டர் மில்லர் அங்கே தலைவராக இருந்த காலம் அது. மேனாட்டு இலக்கியமும் தர்க்கமும் படித்த வாலிபர்களில் சிலர் தம் மதத்தை விட்டனர். சிலர் படித்ததையெல்லாம் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குச் சென்று பழைய ஆசாரத்தில் ஒடுங்கினர். மாதவையா இரண்டையும் செய்யவில்லை. மதம் மாறாமலே, தாம் பிறந்த மதத்தாரை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டார். இது எல்லாவற்றையும்விடக் கடினமான வழி. வெளியேறியவனை ஊர் மறந்துவிடும். உள்ளே நின்று கேட்பவனை மறக்கவும் முடியாது, மன்னிக்கவும் மாட்டாது.

அவர் கலாசாலையில் படித்த அந்த நாட்களில் தேசமெங்கும் ஒரு விவாதம் கொதித்துக்கொண்டிருந்தது. கல்கத்தாவில் புல்மணி தாசி என்ற சிறுமி, பதினொரு வயதைத் தாண்டிச் சில மாதங்களே ஆனவள், முதிர்ந்த கணவனோடு கூட்டப்பட்டதனால் உயிரிழந்தாள். 1890-ல் வழக்கு நடந்தது. சம்மத வயது அப்போது 10 என்றிருந்தபடியால் பலாத்காரக் குற்றம் கணவன்மேல் பொருந்தவில்லை. சிறிய குற்றம் ஒன்றுக்காக ஒரு வருஷக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மறு வருஷம் சம்மத வயதை 12 ஆக உயர்த்திச் சட்டம் செய்தார்கள். அதற்கு எழுந்த கூக்குரல் கொஞ்சமன்று. கர்ப்பாதானச் சடங்கு கெடும், சாஸ்திரம் அழியும், அந்நிய சர்க்கார் நம் வீட்டுக்குள் நுழைகிறது என்று பெரிய பெரிய கூட்டங்கள் கூடின. லோகமான்ய திலகரே அச்சட்டத்தை எதிர்த்தார். செத்த குழந்தையைப் பற்றிய விவாதம் சடங்கைப் பற்றிய விவாதமாக மாறிவிட்டது. திலகரிடம் நமக்குள்ள பக்தி பெரிது. அதற்காக இதை மறைத்து எழுத நாம் தயாராயில்லை.

தென்னாட்டில் நிலைமை இதைவிட மேலானதாக இல்லை. உயர்குலத்து வீடுகளில் ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் பெண்ணுக்குத் தாலி கட்டினார்கள். மாப்பிள்ளை காய்ச்சலிலோ வாந்திபேதியிலோ இறந்தால், அவன் முகத்தையும் சரியாக அறியாத குழந்தை விதவையாயிற்று. இதில் குற்றம் யாருடையது? பொருத்தம் பார்த்த ஜோசியருடையதா, குழந்தைக்குக் கல்யாணம் செய்த தகப்பனுடையதா, நோயுள்ள பிள்ளையை மறைத்துப் பெண்ணெடுத்த சம்பந்தியுடையதா? ஊர் இவர்களில் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. பெண்ணின் முற்பிறப்புப் பாவம் புருஷனை விழுங்கிவிட்டது என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறியது. கர்மக் கொள்கை என்ற ஆழ்ந்த தத்துவம் இவ்விதம் கூடத்திலும் கொல்லைப்புறத்திலும் ஒரு சிறுமியின் தலையைச் சிரைக்கும் கத்தியாயிற்று. அதே கர்மக் கொள்கைப்படி மனைவியை இழந்த புருஷனும் பாவியாக வேண்டுமல்லவா? அவனுக்கோ பத்தாம் நாள் காரியம் முடியுமுன் வேறு ஜாதகங்கள் வந்து சேர்ந்தன. அவன் எதிரே வந்தால் யாரும் சகுனத் தடை என்று திரும்பி நடக்கவில்லை. அவளோ மங்கல காரியத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது. ஒரு வேளைதான் உண்ண வேண்டும். உண்பதும் உப்புச் சப்பில்லாததாயிருக்க வேண்டும். பின்னர் அந்த வீட்டிலேயே யாராவது ஒரு நெருங்கிய ஆண்மகனால் அவள் கெடுக்கப்பட்டால், அதற்கும் அவளே பொறுப்பு. குளமோ கிணறோ அவளுக்கு வழி காட்டியது. கெடுத்தவன் சந்தியாவந்தனத்துக்குப் போனான்.

சாஸ்திரத்தில் வேறு வழியே இல்லையா என்றால், அதுவும் இல்லை. பராசர ஸ்மிருதியில் மறுவிவாகத்துக்கு இடமிருப்பதை எடுத்துக் காட்டித்தான் ஈசுவர சந்திர வித்யாசாகரர் வாதாடினார். 1856-ல் விதவா விவாகச் சட்டமும் வந்தது. 1881-ல் ராஜமஹேந்திரத்தில் வீரேசலிங்கம் பந்துலு விதவைக்கு விவாகம் நடத்தி வைத்தார். ஆயினும் சட்டப் புஸ்தகத்தில் ஒரு ஷரத்து ஏறுவதனால் ஊர்வாய் மூடிவிடாது. ஊர்வாயை மூட வேண்டுமானால், பழிக்கப்பட்டவள் வாய் திறக்க வேண்டும்.

அந்த வாயைத் திறந்து விட்டதே மாதவையா செய்த முதற்காரியம். 1892-ல், இருபது வயது வாலிபராயிருந்தபோது, விவேக சிந்தாமணி என்ற மாதப் பத்திரிகையில் சாவித்திரி சரித்திரம் என்னும் கதையை எழுதத் தொடங்கினார். கதையைச் சொல்பவள் அந்தப் பெண்ணே. பால்யத்தில் செய்த கல்யாணத்தையும், மாமியார் வீட்டுக் கொடுமையையும், விதவைக் கோலத்தையும் அவளே தன் வாயால், யாரும் நடுவே நின்று உபதேசம் செய்யாமல், வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். படிப்பவன் தீர்ப்புக் கூறும் பீடத்திலிருந்து இறங்கிச் சாட்சி கேட்கும் இடத்துக்கு வர வேண்டியதாயிற்று. இது பலருக்குப் பிடிக்கவில்லை. சில அத்தியாயங்கள் வெளிவந்தபின் கதை நின்றுபோயிற்று. ஆசிரியர் அதைக் கிழித்துப் போடவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து, 1903-ல் முத்துமீனாக்ஷி என்ற பெயரில் புஸ்தகமாகவே அச்சிட்டார். அந்த விதவை கதை முடிவில் கிணற்றிலும் விழவில்லை, காசிக்கும் போகவில்லை. மறுமணம் செய்துகொண்டு வாழ்கிறாள். வைதிகர்களுக்கு அதுவே பொறுக்கவில்லை. அவள் அழுதிருந்தால் பரிதாபப்பட அவர்கள் தயாராகவே இருந்தார்கள்.

1893-ல் உப்பு இலாகாப் பரீட்சையில் முதலாவதாகத் தேறி உத்தியோகத்தில் அமர்ந்தார். அது நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்திடும் உத்தியோகமன்று. அளத்துக்கு அளம் குதிரையேறிப் போக வேண்டும். கூடாரத்திலும் முசாபரி பங்களாவிலும் தங்க வேண்டும். தராசையும் கணக்கையும் கிடங்குப் பூட்டையும் சோதிக்க வேண்டும். தெலுங்கு நாட்டுக் கரையிலும் தமிழ்நாட்டிலும் அவர் இப்படி அலைந்தார். இந்த அலைச்சலுக்கிடையே, இரவு விளக்கு வெளிச்சத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் நாவல், நாடகம், கவிதை, கட்டுரை என்று அவர் எழுதிக் குவித்ததை நினைத்தால், முழு நேரமும் எழுத்தே தொழிலாகக் கொண்ட நமக்கு வெட்கமாகவே இருக்கிறது. சர்க்கார் சேவகராகையால் ராஜீய விஷயங்களில் அவர் பேனா அடங்கியே நடந்தது. அதை நாம் புகழ வேண்டியதில்லை. ஆனால் சர்க்காரைத் திட்டுவதற்கு ஒரு வகைத் தைரியம் வேண்டுமென்றால், தன் பந்துக்கள் கூடியிருக்கும் கல்யாணப் பந்தலில் நின்று அவர்களைக் கண்டிப்பதற்கு வேறு வகைத் தைரியம் வேண்டும். முன்னதற்கு ஊர் மாலை போடும். பின்னதற்கு ஊர் பந்தியில் இடம் கொடாது.

பத்மாவதி சரித்திரத்தின் முதற் பாகம் 1898-லும் இரண்டாம் பாகம் 1899-லும் வெளிவந்தன. குற்றமற்ற மனைவியின்மீது படித்த கணவனே ஐயங்கொள்ளுதல் அதில் வருகிறது. பி.ஏ. படித்தவன், ஷேக்ஸ்பியர் படித்தவன், பெண்கல்வி வேண்டுமென்று பேசியவன். ஆயினும் ஒரு சந்தேகம் புகுந்தவுடன் அவனுக்குள்ளிருந்து அவன் பாட்டனார் எழுந்து வருகிறார். பெண்தான் தன் பரிசுத்தத்தை நிரூபிக்க வேண்டும். சந்தேகித்தவன் தன் சந்தேகத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டியதில்லை. ஒதெல்லோ நாடகத்தையே மாதவையா உதயலன் என்ற பெயரில், கொற்கைச் சிங்களவன் ஒருவனுடைய கதையாகத் தமிழாக்கினார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்த வீண்பழி விஷயம் அவர் மனதை எவ்வளவு தூரம் பற்றியிருந்தது என்பது விளங்கும்.

இனி, அவருடைய நூல்களில் நம் விஷயத்துக்கு மிகவும் நெருங்கியதைச் சொல்கிறோம். 1915-ல் ஆங்கிலத்தில் கிளாரிந்தா என்ற சரித்திர நாவலை வெளியிட்டார். கதாநாயகி கற்பனையல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த ஒரு மராத்திய பிராமண விதவை அவள். கணவனோடு உடன்கட்டை ஏற இருந்தவளை லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படையதிகாரி காப்பாற்றினான் என்பது வழங்கிவரும் செய்தி. அவள் அவனுடன் பாளையங்கோட்டை சென்று வாழ்ந்தாள். சாகாமல் பிழைத்ததே குற்றமாகையால் பிறந்த சமூகம் அவளைத் தள்ளிவிட்டது. அவள் கிறிஸ்தவ வேதத்தில் பற்றுக் கொண்டு ஞானஸ்நானம் கேட்டபோதோ, விவாகமில்லாமல் ஒருவனோடு வாழ்பவள் என்று கூறி ஸ்வார்ட்ஸ் பாதிரியாரும் மறுத்துவிட்டார். ஸ்வார்ட்ஸ் நல்லவர், தஞ்சை அரசரும் மதித்தவர் என்பதில் ஐயமில்லை. என்றாலும் விஷயத்தைப் பாருங்கள்: இரண்டு மதங்கள், இரண்டு சாஸ்திரங்கள், ஒருவரையொருவர் பொய்யரென்று சொல்லும் இரண்டு கூட்டத்து குருமார், அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக்குவதில் மட்டும் இரு திறத்தாரும் ஒன்றுபட்டனர். அவளை மணந்துகொள்ளாமலே வாழ்ந்த அதிகாரியின் ஞானஸ்நானத்தை யாரும் ரத்துச் செய்யவில்லை.

அவன் இறந்த பின்னரே, 1778-ல், ஸ்வார்ட்ஸ் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் பாளையங்கோட்டைச் சபையின் அங்கத்தினர் நாற்பது பேரைக் குறித்த பதிவேட்டில் முதற்பெயர் அவளுடையதே. 1785-ல் அங்கே எழுந்த ஆலயம் அவள் முயற்சியால் எழுந்தது. ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே வழங்கினர். தள்ளப்பட்டவள் கட்டிய கோயிலுக்குத் தள்ளியவர்கள் இட்ட ஜாதிப் பெயரே நிலைத்தது ஒரு வேடிக்கை. பாளையங்கோட்டையில் படித்த பிராமணப் பிள்ளையாகிய மாதவையா அப்பெயரைச் சிறுவயதிலேயே கேட்டிருத்தல் கூடும். வைதிகர்கள் இழிவாகவும் கிறிஸ்தவர்கள் சற்றுக் கூச்சத்தோடும் பேசிய அவளை, அவர் மரியாதைக்குரிய ஸ்திரீயாக நடத்தி ஒரு நாவல் முழுவதும் எழுதினார். இத்தனைக்கும் பாதிரிமாரை அவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவரல்லர். 1909-ல் எழுதிய சத்தியானந்தன் என்ற நாவலில் அவர்களுடைய குறைகளையும் கண்டித்தே இருக்கிறார்.

அவரிடம் குறையில்லையா? உண்டு. கதையை நிறுத்திவிட்டுப் பிரசங்கம் செய்யும் வழக்கம் அவருக்கு இருந்தது. அதைவிடப் பெரிய குறை வேறொன்று. அவர் குதிரையேறிச் சுற்றிய அளங்களில் உப்பு வாருவதற்கும் கூடையில் சுமப்பதற்கும் வந்த பெண்கள் அவருடைய கதைகளில் அதிகம் காணோம். அவருடைய இரக்கம் பெரும்பாலும் அக்கிரகாரத்து வீட்டுப் பின்கட்டிலேயே நின்றது. 1923-ல் நந்தனைப் பற்றி எழுதியது போன்ற சில இடங்களில்தான் அது தெருத் தாண்டிப் போயிற்று. மரக்காணம் போன்ற கரைகளில் வெயிலில் கால் வெந்து உழைத்தவளுக்கும் ஒரு கதை உண்டு. உழைத்துண்ணும் குலங்கள் பலவற்றில் அறுத்துக் கட்டும் வழக்கம் தாராளமாக இருந்தது. கணவனை இழந்தவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனாள். அவ்வழக்கத்தை ஈனஜாதி வழக்கமென்று மேலோர் இகழ, அந்தஸ்தில் உயர விரும்பிய குலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதைக் கைவிட்டன. நாகரிகம் என்று நினைத்து இவர்கள் வாங்கிக்கொண்டது அக்கிரகாரத்தின் நோயை. உழைப்பாளிப் பெண்ணும் அமங்கலி, சகுனத் தடை என்னும் சொற்களுக்கு இவ்விதம் உட்பட்டாள். மாதவையா இதை எழுதியிருந்தால் அவருடைய வாதம் இன்னும் பலப்பட்டிருக்கும்.

தேச ஊழியர்களிடம் இவ்விடத்தில் சில வார்த்தை பேச விரும்புகிறோம். முதலில் சுயராஜ்யம், பிறகு சமூகச் சீர்திருத்தம் என்பது அந்நாளில் நம் தலைவர்களிற் பலருடைய கொள்கை. 1895-ல் புனாவில் காங்கிரஸ் கூடியபோது, வழக்கமாக அதே பந்தலில் நடந்துவந்த சமூக மகாநாட்டுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. இதற்கு மாறாக நடந்த தேசாபிமானிகளும் உண்டு. சுதேசமித்திரனை ஸ்தாபித்த ஜி. சுப்பிரமணிய ஐயர், 1889-ல் பம்பாயில் காங்கிரஸ் கூடிய சமயத்திலேயே, விதவையான தம் மகளுக்கு அங்கு மறுவிவாகம் செய்து வைத்தார். அதற்காக அவர் ஊரிலும் உறவிலும் பட்ட பாடு பெரிது. 1927-ல் மகாத்மா காந்தி சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் மாணவர்களைப் பார்த்து, மணந்தால் இளம் விதவையையே மணப்பதென்று உறுதிகொள்ளச் சொன்னார். சுயராஜ்யம் 1947-ல் வந்தே விட்டது. பிறகு என்று ஒத்திவைத்தது எந்த நிலையிலிருக்கிறது?

மொட்டையடிப்பது ஒழிந்தது, பால்ய விவாகம் சட்ட விரோதமாயிற்று. பழிக்கும் வாய் மட்டும் ஒழியவில்லை. 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவி பலரால் கெடுக்கப்பட்டு உயிரிழந்தபோது, லட்சக்கணக்கான சிஷ்யர்களையுடைய ஆசாராம் என்ற மதகுரு, அவள்மீதும் குற்றமுண்டு என்றும், மந்திரம் ஜபித்து அவர்களைச் சகோதரரென்று அழைத்துக் கெஞ்சியிருந்தால் தப்பியிருப்பாள் என்றும் போதனை செய்தார். தேசம் கொதித்தது. அந்த மதகுருவே ஒரு சிறுமியைக் கெடுத்த குற்றத்துக்காக 2018 ஏப்ரலில் ஜோத்பூர் நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றார். முறையிட்டவளின் ஒழுக்கம் கெட்டது என்று காட்டிக் குற்றவாளி தப்பிக்க இடங்கொடுத்த சாட்சியச் சட்ட விதி, வெள்ளைக்காரன் போய் ஐம்பத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு, 2002-ம் வருஷக் கடைசியில்தான் நீக்கப்பட்டது. இரவில் ஏன் போனாள், என்ன உடுத்தினாள், யாரோடு நின்றாள் என்று இன்றும் நம்மவர் கேட்கும் கேள்விகள், அவள் ஜாதகத்தில் என்ன தோஷம் என்று முத்துமீனாக்ஷி காலத்தில் கேட்ட கேள்வியின் வேறு உடுப்புத்தான். இக்கேள்வி கேட்போரில் கதர் உடுத்தியவர்களும் உண்டு, நாத்திகம் பேசுவோரும் உண்டு.

மாதவையாவின் கடைசி வருஷங்களுக்கு வருவோம். 1916-ல் குசிகர் என்ற புனைபெயரில் விவாகச் சீர்திருத்தத்தைப் பற்றி ஹிந்து பத்திரிகையில் ஆங்கிலத்தில் சிறுகதைகள் எழுதினார். 1924-ல் அவற்றைத் தமிழில் குசிகர் குட்டிக் கதைகளாகக் கொண்டுவந்தார். சீர்திருத்தம் ஆங்கிலம் படித்தவர்களின் சாய்வு நாற்காலி விவகாரமாக நின்றுவிடக் கூடாதென்று அவர் உணர்ந்ததற்கு இது அடையாளம். உத்தியோகத்தில் இன்னும் சில வருஷம் நீடித்திருக்கலாம். 1922-லேயே விலகிக்கொண்டு மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறினார். பஞ்சாமிர்தம் என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கி, கையிலிருந்த பொருளையும் உழைப்பையும் அதில் கொட்டினார். பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தையும் அதில் எழுதத் தொடங்கினார்.

1925 அக்டோபர் 22-ந் தேதி சென்னை சர்வகலாசாலை செனட் சபை கூடியது. பி.ஏ. வகுப்பு வரையில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமென்று மாதவையா எழுந்து பேசினார். பேசி முடித்து அமர்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார். வயது ஐம்பத்து மூன்று. அவரோடு பஞ்சாமிர்தமும் நின்றது. பத்மாவதியின் மூன்றாம் பாகம் முடியாமலே இருக்கிறது.